கையெழுத்துப் போட்டவர் எங்கே?

செத்துப்போன விமானி பதில் சொல்ல வரமாட்டார். அதனால்தான் இந்த நாட்டில் எந்த விமானம் விழுந்தாலும் விசாரணை நேராக அவரிடம் போய் நின்றுகொள்கிறது. அவர் தூங்கினார், அவர் தப்பாக இறக்கினார், சொன்னதைக் கேட்கவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அவரை அந்த இருக்கையில் அந்த நேரத்துக்கு உட்காரவைத்தது யார்? அந்த ஓடுபாதை சரியாக இருக்கிறது என்று உரிமம் கொடுத்தது யார்? அந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று எழுதிக் கொடுத்தது யார்? ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எத்தனையோ தாள்களில் எத்தனையோ பேருடைய கையெழுத்து விழுகிறது. அது விழுந்து நொறுங்கிய பிறகு அந்தக் கையெழுத்துக்காரர்களில் ஒருவரையும் காணோம்.

நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறவன். பெரம்பலூர்ப் பக்கம். லீவு கிடைத்தால் திருச்சியில் வந்து இறங்குவோம், லீவு முடிந்தால் திருச்சியில் ஏறுவோம். எங்கள் மாவட்டத்திலும் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறோம். எந்த டிக்கெட் மலிவோ அதில்தான் ஏறுவோம். எந்த விமானம், எத்தனை வருஷத்துப் பழசு, விமானி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கிற இடத்தில் நாங்கள் இல்லை. கேட்டாலும் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் எங்களுக்காகக் கேட்பதற்குத்தான் அரசாங்கம் ஓர் இலாகா வைத்திருக்கிறது என்று நம்பி ஏறுகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே பிரித்துப் போடப் போகிறேன்.

கேம்ப் அறையில் படுத்துக்கொண்டு விபத்து அறிக்கைகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. முதலில் படித்தது மங்களூர். 2010 மே 22, விடிகாலை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். உள்ளே 166 பேர். பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். 158 பேர் செத்தார்கள். தப்பியவர்கள் 8 பேர். ஏர் மார்ஷல் கோகலே தலைமையில் விசாரணை நடந்தது. குரல் பதிவுக் கருவியில் பதிந்திருந்த இரண்டு மணி நேரத்தில் முதல் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவான நேரம் பேச்சே இல்லை. கேப்டனின் குறட்டை கேட்டது. தூக்கக் கலக்கத்தோடு அவர் விமானத்தை இறக்கினார். துணை விமானி மூன்று தடவை சொன்னார், இறக்காமல் மறுபடியும் மேலே எழுப்புங்கள் என்று. அவர் கேட்கவில்லை. 8,000 அடிக்குச் சற்று அதிகமான ஓடுபாதையில் 5,200 அடியைத் தாண்டி வந்துதான் சக்கரம் தரையைத் தொட்டது. ஓடுபாதை முடிந்த இடத்தில் கான்கிரீட்டில் எழுப்பியிருந்த ஆண்டெனாக் கட்டுமானத்தில் இறக்கை மோதியது. அதற்கப்பால் பள்ளத்தாக்கு.

செய்தித்தாளில் தலைப்பு என்ன? விமானி தூங்கினார். அத்தோடு முடிந்தது. ஆனால் அதே அறிக்கையின் உள்ளே போனால் வேறு விஷயங்களும் இருக்கின்றன. மங்களூர் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அதனால் விமானம் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் கீழே இறங்க ஆரம்பித்தது. கேப்டன் கேட்காவிட்டால் துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கலாமா கூடாதா என்பதில் விதிகளே குழப்பமாக இருந்தன. மோதினால் உடைந்து விழ வேண்டிய ஆண்டெனா கான்கிரீட்டில் நின்றது. ரேடாரைப் பழுது பார்க்காதவர் தூங்கவில்லை. குழப்பமாக விதி எழுதியவர் தூங்கவில்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் கான்கிரீட் போட அனுமதித்தவர் பட்டப்பகலில் கண் விழித்துக்கொண்டுதான் அனுமதித்தார். அவர்களுடைய பெயர் எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

மங்களூருக்குப் பிறகு பாதுகாப்புக்கு ஓர் ஆலோசனைக் குழு போட்டார்கள். சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன் அதில் உறுப்பினர். நீண்ட காலம் விமானம் ஓட்டியவர். கோழிக்கோடு ஓடுபாதையைப் பற்றி 2011 ஜூனில் அவர் எழுதியே கொடுத்தார். மழை பெய்யும்போது, பின்காற்று அடிக்கும்போது 10ஆம் ஓடுபாதையில் இறக்குவது உள்ளே இருக்கிற அத்தனை பேர் உயிரோடும் விளையாடுவது என்று. கோழிக்கோடும் மங்களூரைப் போல மலையைச் சீவி எடுத்த மேட்டு ஓடுபாதைதான். முனைக்கப்பால் பள்ளம். 2019 ஜூலையில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமே அந்த விமான நிலையத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஓடுபாதையில் விரிசல், தண்ணீர் தேங்குகிறது, டயர் ரப்பர் படிந்து கிடக்கிறது என்று. ஆக, கடிதம் போயிருக்கிறது. நோட்டீஸ் போயிருக்கிறது. தெரியாது என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

2020 ஆகஸ்ட் 7. கொரோனாக் காலம். வேலை போய், சம்பளம் போய், வந்தே பாரத் மீட்பு விமானத்தில் இடம் கிடைத்ததே பெரிது என்று துபாயில் ஏறினார்கள் 184 பயணிகள். கோழிக்கோட்டில் மழை. முதல் தடவை இறக்க முடியாமல் மேலே எழுப்பினார்கள். கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக ஓடவில்லை. இரண்டாம் தடவை 10ஆம் ஓடுபாதை. பின்காற்று. கடிதத்தில் எழுதியிருந்தது வரிக்கு வரி நடந்தது. 8,858 அடி ஓடுபாதையில் 4,438ஆவது அடியில்தான் சக்கரம் பட்டது. விமானம் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகளோடு சேர்த்து 21 பேர் போனார்கள். இன்னும் அதிகம் பேர் போயிருப்பார்கள். கொண்டோட்டிப் பக்கத்து ஜனங்கள் அந்த மழையில், நோய்த் தொற்றுப் பயத்தையும் பார்க்காமல் ஓடி வந்து கையில் கிடைத்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ராத்திரியில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். உரிமமும் இல்லை, உத்தரவும் இல்லை, சம்பளமும் இல்லை. அவர்கள்தான் அன்றைக்குக் கடமையைச் செய்தவர்கள்.

அறிக்கை வந்தது. முதல் காரணம், வழக்கம் போல விமானி. விதிமுறைப்படி இறக்கவில்லை. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவர் ஏன் வேறு ஊருக்குத் திருப்பாமல் அங்கேயே இறக்கத் துடித்தார்? மறுநாள் காலையில் அவரே கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை எடுக்க வேண்டியிருந்தது. அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை. நிறுவனத்தின் ஆள் நியமனக் கொள்கையே கோளாறு என்று அறிக்கை சொல்கிறது. அமைப்பு ரீதியான தவறுகளின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது என்று ஒரு வரியும் இருக்கிறது. ஒரு வரி! அமைப்பு என்றால் யார்? அதற்கு முகம் கிடையாதா? விமானிக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, பறந்த மணிக்கணக்கு இருக்கிறது. அமைப்புக்கு மட்டும் ஊர் பேர் இல்லை.

மங்களூர் அறிக்கையிலேயே ஒரு யோசனை இருந்தது. ஓடுபாதையின் முனையில் நொறுங்கும் பொருளால் ஒரு படுக்கை போட வேண்டும். ஓடி வருகிற விமானம் அதில் புதைந்து நின்றுவிடும். வெளிநாடுகளில் பல விமானங்களை இது காப்பாற்றியிருக்கிறது. பத்து வருஷம் கழித்துக் கோழிக்கோட்டில் அந்த விமானம் ஓடி வந்தபோது அங்கே அது இல்லை. எங்கள் உயிருக்கு விலை போட்டுப் பார்த்து, படுக்கையின் விலை அதிகம் என்று முடிவு செய்தவர் எந்த அறையில் உட்கார்ந்திருந்தார்?

திருச்சியைச் சொல்லாமல் விட முடியாது. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில் துபாய்க்குக் கிளம்பிய விமானம், 136 பேரோடு, ஓடுபாதை முனையில் இருந்த ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். விமானிகள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தொடர்ந்து பறந்தார்கள். அடிவயிறு கிழிந்த விமானம் நான்கு மணி நேரம் கடலுக்கு மேலே சுற்றி மும்பையில் வந்து இறங்கியது. அந்த விமானத்தில் நான் இல்லை. இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? விமானம் வேகம் எடுக்கும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்தது. பிடிமானத்துக்குக் கை போன இடத்தில் என்ஜின் விசை குறைந்துவிட்டது. ஒரு நாற்காலியின் சாய்மானம்! அந்த நாற்காலியைச் சோதித்துச் சரி என்று எழுதிய தாள் ஏதோ ஒரு கோப்பில் இன்றைக்கும் இருக்கும்.

இந்த மூன்றிலும் விமான நிறுவனம் அதே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், அப்போது அரசாங்கத்துடையது. மூன்று விமான நிலையத்தையும் நடத்தியது அரசாங்கத்தின் விமான நிலைய ஆணையம். உரிமம் கொடுக்கிற தலைமை இயக்குநரகம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே. மங்களூர் விபத்துக்குப் பிறகு, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று 2012இல் தொடங்கிய விமான விபத்துப் புலனாய்வுப் பணியகமும் அதே அமைச்சகத்துக்குக் கீழே. மாமா பஸ் வாங்கி, மச்சான் ஓட்டி, அண்ணன் எஃப்சி கொடுத்து, பஸ் கவிழ்ந்தால் தம்பி வந்து பஞ்சாயத்துப் பேசினால் அந்தக் குடும்பத்தில் யார் மேல் பழி விழும்? வெளியிலிருந்து கூலிக்கு வந்த டிரைவர் மேல்தான். அவரும் செத்திருந்தால் இன்னும் வசதி.

2022 ஜனவரியில் நிறுவனம் டாடாவுக்குப் போனது. மற்றவர்கள் எல்லாம் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். தலைமை இயக்குநரகத்துக்குப் பதிலாகத் தன்னாட்சியுள்ள ஆணையம் அமைக்க 2013இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அந்த மக்களவை முடிந்ததோடு மசோதாவும் போனது. 2020இல் சட்டத்தைத் திருத்திக் கண்காணிக்கிற அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். கடிவாளம் மட்டும் அமைச்சகத்தின் கையிலேயே இருக்கிறது.

நாங்கள் செத்தபோது வராத வேகம் இவர்களுக்கு ஒரு தடவை வந்தது. 2014 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தியாவின் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் வகைக்கு இறக்கியது. விமானங்களைச் சோதிக்கப் போதிய ஆய்வாளர்கள் இல்லை என்பது முக்கியக் குறை. அப்படி இறக்கினால் இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய விமானங்களை விட முடியாது. வியாபாரம் படுத்துவிடும். உடனே ஆய்வாளர்களை எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், கோப்புகள் நகர்ந்தன. 2015 ஏப்ரலில் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. ஆக, செய்ய முடியும். ஆள் கிடைப்பார்கள், பணம் கிடைக்கும், கோப்பு நகரும். வாஷிங்டனிலிருந்து விரல் நீட்டினால் எல்லாம் நடக்கிறது. காசர்கோட்டிலும் மங்களூரிலும் 158 வீட்டு வாசலில் அழுதால் நடப்பதில்லை.

2022இல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வந்து சோதித்து 85.65 விழுக்காடு மதிப்பெண் கொடுத்தது. 48ஆவது இடம் என்று பெருமைப்பட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, 2025இல், நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று எண்ணிச் சொன்னது. தலைமை இயக்குநரகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் 1,063. ஆள் இருந்தது 553. ஏறக்குறைய பாதி நாற்காலி காலி. நாட்டில் விமானங்கள் பெருகுகின்றன, புதிய விமான நிலையங்களை ரிப்பன் வெட்டித் திறக்கிறார்கள். பார்க்க வேண்டியவர் நாற்காலி மட்டும் காலி. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் லண்டன் விமானம் விழுந்து உள்ளே 241 பேரும் தரையில் 19 பேரும் மாண்டார்கள். அதன் காரணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் முதற்கட்ட அறிக்கை வெளிவந்த உடனேயே ஊரெல்லாம் எந்தப் பக்கம் கை காட்டியது என்று எல்லோரும் பார்த்தோம். விமானிகள் பக்கம்.

மங்களூர் விமானி தூங்கினார் என்று சொன்னீர்களே, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தூங்குவதற்கு என்ன செய்தீர்கள்? வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் இறக்கும் எண்ணிக்கையைக் குறைத்து 2024 ஜனவரியில் புதிய விதி போட்டீர்கள். அந்த ஆண்டு ஜூனில் அமலுக்கு வர வேண்டியது. ஆள் போதாது என்று நிறுவனங்கள் முணுமுணுத்தன. தள்ளி வைத்தீர்கள். நீதிமன்றம் போய்த்தான் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு தவணையாக வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. விதி வரப்போவது ஒன்றரை வருஷமாகத் தெரிந்தும் அதற்கேற்ற ஆளை அவர்கள் சேர்க்கவில்லை. தப்புச் செய்தவன் தண்டிக்கப்படுவான் என்று பார்த்தால், முதலில் வளைந்தது விதி. சில நாட்களிலேயே அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதியிலிருந்து தற்காலிக விலக்குக் கொடுத்தீர்கள். விமானியின் தூக்கத்தை எடுத்து நிறுவனத்தின் கால அட்டவணைக்குக் கொடுத்தீர்கள். நாளைக்கு ஒருவர் கண் அசந்தால், அறிக்கையில் யாருடைய பெயரை எழுதுவீர்கள்?

கண்காணிக்க வேண்டியவர்களே கண்டுகொள்ளாத இந்த நோய் எங்கள் நாட்டுக்கு மட்டும் வந்ததில்லை. நேபாளத்தில் கண்காணிக்கிற ஆணையமும் விமான நிலையங்களை நடத்துகிற ஆணையமும் ஒன்றே. 2013இலிருந்து நேபாள விமானங்களை ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தில் விடவில்லை. ஆணையத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லியும் பிரிக்கவில்லை. 2023 ஜனவரியில் போக்கராவில் 72 பேர் போனார்கள். பாகிஸ்தானில் 2020இல் கராச்சி விபத்துக்குப் பிறகு, 860 விமானிகளில் 262 பேருடைய உரிமம் சந்தேகத்துக்குரியது என்று அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். சிரிக்க நமக்கு வாய் இல்லை. 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் இங்கேயும் பிடிபட்டார்கள்.

நைஜீரியாவில் 2005 டிசம்பரில் போர்ட் ஹார்கோர்ட்டில் ஒரு விமானம் விழுந்தது. உள்ளே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள், அபுஜாவின் லயோலா ஜேசு சபைப் பள்ளியில் படித்தவர்கள். அவர்களில் 60 பேர் போனார்கள். அத்தனை பேரும் ஒரே பள்ளி. அதற்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் இன்னொரு விமானம் விழுந்து 117 பேர் இறந்திருந்தார்கள். தாய்மார்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு வருஷமே அந்த நாடு சட்டம் போட்டுக் கண்காணிக்கும் ஆணையத்துக்குத் தன்னாட்சி கொடுத்தது. 2010இல் அமெரிக்காவின் முதல் தரம் அவர்களுக்குக் கிடைத்தது. பிறகும் அங்கே விபத்து நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏழை நாடு, பணமில்லை, மெதுவாகத்தான் நடக்கும் என்று எங்களிடம் சொல்கிறவர்கள் அந்தத் தாய்மார்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

செத்த பிறகாவது மரியாதை உண்டா? மங்களூரில் இறந்தவர்களுக்கு நஷ்ட ஈடு என்று, அவன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கணக்குப் போட்டு விலை பேசினார்கள். கூலிக்குப் போனவன் உயிர் மலிவு. 2011இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், சர்வதேச ஒப்பந்தப்படி யாராக இருந்தாலும் குறைந்தது 75 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார். நிறுவனம் மேல்முறையீடு போனது. இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் ஓர் உயர் அதிகாரியின் குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர்களுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. பத்து வருஷம் வழக்கு நடத்த அவர்களால் முடிந்தது. வட்டிக்கு வாங்கி விசா எடுத்தவன் வீட்டில் பத்து மாதம்கூடத் தாங்காது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பாருங்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் போட்ட கையெழுத்து மட்டும் காலத்துக்கும் செல்லும்.

எங்களுக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. விபத்தை விசாரிக்கிற அமைப்பை அமைச்சகத்திடமிருந்து எடுத்து நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிற இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் விமானியின் பெயருக்குப் பக்கத்திலேயே, அந்த ஓடுபாதைக்கும் அந்த விமானத்துக்கும் அந்தப் பணி அட்டவணைக்கும் ஒப்புதல் கொடுத்த பதவி எது, ஒப்புதல் கொடுத்த நாள் எது, அதற்கு முன்னால் வந்த எச்சரிக்கைக் கடிதம் எது, அதற்கு என்ன பதில் போனது என்று எழுதுங்கள். பழைய அறிக்கைகளின் பரிந்துரைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா மொழியிலும் வெளியிடுங்கள். தமிழிலும் போடுங்கள், நாங்கள் படிப்போம்.

முதலில் அந்த 510 காலி நாற்காலிகளில் ஆளைப் போடுங்கள். போட்ட ஆளுக்கு முதுகெலும்பும் கொடுங்கள். மேலிடத்திலிருந்து போன் வந்தாலும், நிறுவனம் நஷ்டக் கணக்குக் காட்டினாலும், 'இந்த விமானம் இன்றைக்குப் பறக்காது' என்று அவர் எழுதட்டும். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் திருச்சி விமான நிலையத்துத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறோம். லீவு தாண்டிவிட்டது என்று கம்பெனி சம்பளத்தைப் பிடிக்கட்டும். அந்த நஷ்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று எங்களுக்குத் தெரியும்.